அய்யம்மாள் முதுகில் மூன்று பிளாஸ்டர்

அய்யம்மாளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது எம். புதுப்பட்டியில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தாய்க்கு வந்தது மகளுக்கு வராமல் போகுமா என்று ஊரே ஒரே வாயாகச் சொன்னது. ஊருக்கென்ன, சொல்லிவிட்டுச் சோறு தின்னப் போய்விடும். அந்தச் சொல்லைச் சுமக்கிறவளுக்கல்லவா அதன் கனம் தெரியும். முப்பத்தெட்டு வயது வரைக்கும் அய்யம்மாள் வெடிக்குப் பயந்ததில்லை, பாம்புக்குப் பயந்ததில்லை, புருஷன் சீனிச்சாமிக்குச் சுத்தமாகப் பயந்ததில்லை. தன் தாய் ஆவுடைத்தாய்க்கு வந்தது தனக்கும் வந்துவிடுமோ என்ற ஒன்றுக்குத்தான் பயந்தாள்.

ஆவுடைத்தாய் மல்லாங்கிணற்றுப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தும் களை வெட்டியும் பிழைத்தவள். நாற்பது தாண்டியதும் இரண்டு முழங்காலும் பனங்காய் போல வீங்கிக்கொண்டன. வீங்கினது முழங்கால், கெட்டது புத்தி. நாலு நாள் நன்றாக இருப்பாள், நாலு நாள் செத்துப்போனவர்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். வெறும் காற்றில் கையை நீட்டி நீட்டிப் பருத்தி எடுத்து மடியில் போடுவாள். சீலை அவிழ்ந்தது தெரியாமல் தெருவில் நடந்த ஒருநாள், சொந்தக்காரர்கள் கூடி இரும்புச் சங்கிலி வாங்கிவந்து வீட்டு நடுத்தூணில் கட்டிப்போட்டார்கள்.

ஒரே மகள் அய்யம்மாள்தான் பார்த்துக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. கஞ்சி ஊட்டினாள், குளிப்பாட்டினாள், வீங்கின நாளிலிருந்தே காலையும் மாலையும் முழங்காலுக்குப் பச்சிலை அரைத்துக் கட்டினாள். தாய்க்காரி சும்மா இருப்பாளா? கட்டின பச்சிலையை நகத்தால் பிராண்டிப் பிய்த்து எறிவாள். கால்வலிக்குக் கட்டுகிற மருந்தையே பிய்த்து எறிகிறாளே, கிறுக்கு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அய்யம்மாள் அழுதுகொண்டே மறுபடி அரைத்து, கைக்கு எட்டாதபடி இன்னும் இறுக்கிக் கட்டுவாள். மூன்று வருடம் அப்படியே கிடந்து ஆவுடைத்தாய் போய்ச் சேர்ந்தாள். சங்கிலி மட்டும் மிஞ்சியது. இரும்பைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? கல்யாணமாகிப் புதுப்பட்டிக்கு வந்தபோது பண்டபாத்திரத்தோடு அதுவும் வந்தது. அதில்தான் இப்போது வீட்டு வெள்ளாடு கட்டிக்கிடந்தது.

புதுப்பட்டிக்கு வந்த இரண்டாம் வருடம் அய்யம்மாள் பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தாள். சரம் பின்னுகிற வேலை. ஒவ்வொரு வெடியின் திரியையும் நூலோடு சேர்த்து முடைந்துகொண்டே போக வேண்டும், பார்க்கச் சுலபம், செய்து பார்த்தால் தெரியும். அவள் பக்கத்தில் இருப்பவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே பின்னுவாள், கை தானாக ஓடும். பத்தொன்பது வருடத்தில் அவள் பின்னின சரத்தை நீட்டினால் புதுப்பட்டியிலிருந்து சிவகாசி போய்த் திரும்பலாம் என்று போர்மேன் பெத்தணன் சொல்வார். பெத்தணன் லேசில் யாரையும் மெச்சுகிற ஆளில்லை.

பெத்தணனுக்கு இரண்டு விஷயத்தில் வெறி. ஒன்று, ஈரம் ஆகாது. சரம் ஒவ்வொன்றையும் மெழுகுத்தாளில் இறுக்கிச் சுற்றச் சொல்வார். சத்து வெளியே போகாது, ஈரம் உள்ளே வராது என்பார். இன்னொன்று, வழவழப்பான தாளில் பசை நிற்காது, சுரண்டிவிட்டு ஒட்டு என்பார். இந்த இரண்டையும் கேட்டுக் கேட்டு அய்யம்மாளுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் உப்பு ஜாடிக்குக்கூட மெழுகுத்தாள்தான் மூடி. இது ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

பத்தொன்பது வருடம் குனிந்து உட்கார்ந்தால் முதுகு என்ன கல்லா? அறுபத்தொன்றாம் வருடம் மாசி மாதம் நடு இடுப்பில் பிடித்த வலி விடவே இல்லை. சிவகாசி பஜாரில் மருந்துக்கடை வைத்திருந்த கம்பவுண்டர் லட்சுமிகாந்தத்திடம் போனாள். அவர் கண்ணாடி அலமாரியிலிருந்து பெல்லடோனா பிளாஸ்டர் ஒன்று எடுத்துத் தந்தார். உள்ளங்கை அகலத் துணி, ஒரு பக்கம் பிசின்போலக் கறுப்பு மருந்து, காற்றுப் போக ஊசி ஊசியாக ஓட்டை. வலிக்கிற இடத்தில் ஒட்டிக்கொண்டால் மருந்து தோல் வழியாகவே உள்ளே இறங்கி வலியை எடுக்கும் என்றார். தின்னாமல் கொள்ளாமல் தோல் வழியாக மருந்து இறங்குமாம், என்னென்ன அதிசயம் எல்லாம் வருகிறது பாருங்கள்.

அதிசயம் நடக்கவில்லை. அந்த அலமாரி மேற்குப் பார்த்தது. ஒரு வருட வெயிலைக் குடித்துப் பிளாஸ்டர் வறண்டு, மருந்து வெடித்த கரிசல் நிலம்போல விரிசல் விட்டுப்போயிருந்தது. உள்ளே சத்து இருந்தால்தானே இறங்க? அய்யம்மாள் ஒன்று ஒட்டினாள், பலனில்லை. இரண்டு ஒட்டினாள், லேசாகத் தெரிந்தது. மூன்று ஒட்டினாள், பரவாயில்லை. ஆக இந்த மருந்துக்கு மூன்றுதான் அளவு என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். கடைக்குப் போய்க் குறையும் சொன்னாள். லட்சுமிகாந்தம் சங்கடப்பட்டு, மதுரையிலிருந்து புதுச் சரக்கு வரவழைத்து, வெயில் படாத உள்ளறையில் வைத்தார். சித்திரை பிறந்ததும் அதிலிருந்து ஆறு கொடுத்தார். புதுசு என்று சொன்னார். ஒன்று போதும் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

புதுப் பிளாஸ்டர் நனைந்து வீணாகிவிடக் கூடாதே என்று அய்யம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? சீனிச்சாமியைக் கூப்பிட்டு, தேங்காய் நாரால் முதுகைச் சிவக்கச் சிவக்கத் தேய்க்கச் சொன்னாள். பசை நிற்க வேண்டாமா? மூன்றையும் வரிசையாக ஒட்டச் சொன்னாள். அதன் மேல் மெழுகுத்தாள். அதன் மேல் துணி வைத்து இறுக்கி ஒரு கட்டு. சத்து வெளியே போகாது, வேர்வை உள்ளே வராது. பெத்தணன் பார்த்திருந்தால் சபாஷ் என்றிருப்பார்.

மறுநாள் முதுகுவலி மாயமாகிவிட்டது. சந்தோஷமாக வேலைக்குப் போனாள். பத்து மணிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தும் தொண்டை நனையவில்லை. கையிலிருக்கிற திரி இரண்டு திரியாகத் தெரிந்தது, பிறகு புகையாகத் தெரிந்தது. சித்திரை வெயில், எல்லாருக்கும் வேர்த்து ஊற்றுகிறது, அவளுக்கு ஒரு சொட்டு வேர்வை இல்லை, முகம் மட்டும் அடுப்புப்போலச் சுடுகிறது. பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டாள். அய்யம்மாள் பதில் சொன்னாள். சொன்னது அவளுக்கல்ல, அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆவுடைத்தாய்க்கு.

ஆத்தா எப்போது வந்தாள்? செத்தவள் எப்படி வந்தாள்? செத்தவள் என்பது யார் சொன்னது? ஒன்றும் பிடிபடவில்லை. தரையெல்லாம் நூலாக ஓடியது, அதைப் பிடித்துப் பின்ன வேண்டும், பின்னாவிட்டால் லோடு போகாது. ஆத்தா எழுந்து நடந்தாள், இவளும் பின்னாலேயே நடந்தாள். ஆத்தா போனது வெடிமருந்து கலக்குகிற அறைக்கு. வேற்றாள் காலடி படக்கூடாத இடம் அது. ஒரு உரசல் போதும், ஒருத்தரும் மிஞ்சமாட்டார்கள். வாசற்படியில் அவள் கால் வைத்த நொடியில் பெத்தணன் ஓடிவந்து இடுப்போடு பிடித்துத் தூக்கிவிட்டார்.

வீட்டில் கோடாங்கியை அழைத்தார்கள். உடுக்கை அடித்தார், அவள் மேல் இருப்பது ஆவுடைத்தாய்தான் என்றார். அதைச் சொல்லக் கோடாங்கி எதற்கு, அவளே வாய் ஓயாமல் ஆத்தா ஆத்தா என்றுதானே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேப்பிலை போட்ட வெந்நீரைக் குடம் குடமாக ஊற்றச் சொன்னார். பெண்கள் கட்டையும் கந்தையையும் உருவிப் போட்டு ஊற்றினார்கள். அதோடு மெழுகுத்தாளும் பிளாஸ்டரும் கழன்று குப்பைக்குப் போயின. மறுநாள் சாயங்காலம் தெளிந்துவிட்டாள். பேர் கோடாங்கிக்கு, சேவலும் கோடாங்கிக்கு.

ஒரு வாரம் கழித்துப் பெத்தணன் அரைமனசாக வேலைக்குச் சேர்த்தார். நாலு நாள் குனிந்து உட்கார்ந்ததில் முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது. மிச்சம் மூன்று பிளாஸ்டர் இருந்ததே. சனிக்கிழமை சாயங்காலம் சீனிச்சாமியை விட்டு நாரால் தேய்த்து, ஒட்டி, மெழுகுத்தாள் வைத்துக் கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சீனிச்சாமி பார்த்தான். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வெறும் காற்றில் சரம் பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு திரி, ஒரு நூல், ஒரு முடிச்சு. பிசகில்லாத கை, கையில் ஒன்றுமில்லை.

சீனிச்சாமி லோடு ஏற்றுகிறவன். முரட்டு உடம்பு, பூ மாதிரி மனசு. இவள் நாளைக்கு மறுபடி மருந்து அறைக்குள் போனால் நாற்பது உயிர் போகுமே என்று நினைத்தான். விஷயம் காதில் விழுந்து பெத்தணனும் ஆள் சொல்லி அனுப்பிவிட்டார், இனிமேல் அவள் கேட்டுக்குள் வரக்கூடாது, டாக்டரோ கம்பவுண்டரோ எழுதித் தந்தால் பார்க்கலாம் என்று. வெள்ளாட்டின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றினான். அவள் காலில் போட்டுத் தூணில் மாட்டும்போது அவனும் அழுதான். அவள் அழவில்லை, பின்னிக்கொண்டிருந்தாள்.

அன்று முழுக்க அவள் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கட்டு தளர்ந்து, மெழுகுத்தாள் நழுவி, பிளாஸ்டர் ஒவ்வொன்றாக உரிந்து விழுந்தது. திங்கட்கிழமை மத்தியானம் கண்ணில் பூ பூத்தாற்போல இருந்தது விலகியது. முதலில் தெரிந்தது அவள் கால். காலில் சங்கிலி. அந்தச் சங்கிலியை அவளுக்குத் தெரியாதா? எந்தக் கண்ணி நெளிந்திருக்கும் என்பதுவரை தெரியும். கடைசியில் வந்தே விட்டது என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்தபோதுதான் காலடியில் கிடந்த மூன்று பிளாஸ்டரையும் பார்த்தாள்.

சரம் நமுத்துப்போனால் பெத்தணன் என்ன செய்வார்? பேய் பிடித்துவிட்டது என்று உடுக்கை அடிக்கமாட்டார். திரி எந்தக் கட்டு, தாள் எந்த ரீம், மருந்து எந்த நாள் கலந்தது, எல்லாம் கேட்பார். சந்தேகப்பட்டதை மட்டும் மாற்றி ஒன்றே ஒன்று கொளுத்திப் பார்ப்பார். அய்யம்மாளும் அப்படியே யோசித்தாள். முதல் தடவை என்ன செய்தேன்? பிளாஸ்டர் ஒட்டினேன். இந்தத் தடவை? பிளாஸ்டர் ஒட்டினேன். தெளிந்தது எப்போது? அது உரிந்த பிறகு. ஆனால் மாசியிலும் இதே பிளாஸ்டரைத்தானே ஒட்டினேன், அப்போது ஏன் ஒன்றும் ஆகவில்லை? அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றது. அது முட்டிக்கொண்டு நின்றதில், இதெல்லாம் கிறுக்குப் பிடித்த மண்டை சொல்கிற சமாதானமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் புத்தியைத் தானே நம்பமுடியாவிட்டால் யாரிடம் போய்ச் சாட்சி கேட்பது?

சீனிச்சாமி கஞ்சி கொண்டுவந்தான். அவள் பேச்சு தெளிவாக இருக்கவும் சங்கிலியைக் கழற்றக் குனிந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"கழத்தாதய்யா. அந்தப் பிளாஸ்டர்ல ஒண்ண எடுத்து எங் கையில ஒட்டு. நார வச்சுத் தேச்சு, மெழுகுத்தாளச் சுத்திக் கட்டு."

"ஒனக்கென்ன கிறுக்கா?" என்று கேட்டுவிட்டு அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதத்தான பாக்கச் சொல்லுதேன். கட்டிப்போட்டு இருக்கும்போதே பாத்துருவோம். வந்தா இது பண்ணுதது. வரலேன்னா நாந்தான்."

அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் இருபது வருடமாக அவள் சொன்னதைக் கேட்டுப் பழகிய உடம்பு. தேய்த்தான், ஒட்டினான், கட்டினான். எதிரே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டான். மறுநாள் காலையில் அவள் வாய் வறண்டது. ஊசியில் நூல் கோக்கச் சொன்னான், ஊசியே தெரியவில்லை என்றாள். கண்ணைப் பார்த்தான். கருவிழி முழுக்க நடுப்பாப்பாவே விரிந்து கிடந்தது, கிணற்றை எட்டிப் பார்த்தாற்போல. பயந்துபோய்க் கட்டைப் பிடுங்கி எறிந்தான். சாயங்காலம் ஊசியில் நூல் கோத்தாள். சீனிச்சாமி சங்கிலியைக் கழற்றி வாசலில் வீசிய வேகத்தில் வெள்ளாடு துள்ளி ஓடியது.

புதன்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி லட்சுமிகாந்தம் கடைக்குப் போனார்கள். சாட்சிக்குப் பிளாஸ்டர், மெழுகுத்தாள், தேங்காய் நார் மூன்றையும் மஞ்சள் பையில் கொண்டுபோயிருந்தாள். கேட்கக் கேட்கக் கம்பவுண்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. தோல் என்பது பூட்டின கதவு மாதிரி, கொஞ்சங்கொஞ்சமாகத்தான் உள்ளே விடும் என்றார். நாரால் தேய்த்தது கதவை உடைத்தது, மெழுகுத்தாள் சூட்டையும் வேர்வையையும் உள்ளே அடைத்து மருந்தைத் தள்ளியது, அதுவும் மூன்று மடங்கு. மாசியில் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் தன் அலமாரி வெயில்தான், அந்தச் சரக்கில் உயிரே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். நல்ல மனுஷன், மழுப்பவில்லை. இந்த அம்மாளுக்குப் புத்திக்கோளாறு எதுவும் இல்லை என்று பெத்தணனுக்குக் கைப்பட ஒரு கடிதமும் எழுதினார்.

அய்யம்மாளுக்கு அப்படியே பறக்கலாம் போலிருந்தது. அந்த சந்தோஷத்தில், இது எதில் செய்கிற மருந்து என்று சும்மா கேட்டுவைத்தாள். கேட்காமல் வந்திருக்கலாம்.

"சீமைச் செடிம்மா, நம்ம பக்கம் கிடையாது. நம்ம ஊமத்தை இருக்குல்ல, அதுக்குச் சொந்தக்காரச் செடி. ஊமத்தை எலைய அரைச்சு வச்சு இறுக்கிக் கட்டினாலும் ஆளுக்குத் தக்கபடி இதேதான் செய்யும். வாய் வறளும், கண்ணு தெரியாது, கையி காத்துல எதையாச்சும் பிடிக்கும். அப்படி யாரும் கட்டிக்கிட்டு இருக்காகளா ஒங்க வீட்டுல?"

மூணு வருஷம் கட்டினா என்ன ஆகும் என்று அய்யம்மாள் கேட்டாள். லட்சுமிகாந்தம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். ஒன்றும் உறுதியாகச் சொல்லமுடியாது, அதனால் இருந்தாலும் இருக்கலாம், வேறு வியாதியாகவும் இருக்கலாம், செத்தவர்களைக் கேட்கவா முடியும் என்றார்.

பஸ்ஸில் சீனிச்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி எவன் என்ன சொல்லுவான், நாளைக்கே கடிதத்தைப் பெத்தணன் கையில் கொடு என்று பேசிக்கொண்டே வந்தான். அவள் காதில் விழவில்லை. வேலிப் பக்கம் போய் ஊமத்தை இலை பறித்தது தான். அம்மியில் மசிய அரைத்தது தான். காய்ந்துவிடாமல் ஆமணக்கு இலையால் மூடி, அதன் மேல் துணி சுற்றியது தான். வலியால்தான் ஆத்தா பிதற்றுகிறாள் என்று நினைத்து, பிதற்றப் பிதற்ற இன்னும் கனமாக வைத்துக் கட்டியது தான். சங்கிலி உரசிக் கணுக்கால் புண்ணானபோது அந்தப் புண்ணுக்கும் அதையே வைத்தாள். பாசத்தோடுதான் வைத்தாள். பாசத்தோடு வைத்தால் மட்டும் விஷம் இறங்காதா? அல்லது இதெல்லாம் இல்லாமல் ஆத்தாவுக்கு நிஜமாகவே கிறுக்குத்தானா? எதை நினைத்தால் ஆறுதல் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் கிடந்த சங்கிலியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தூணடியில் உட்கார்ந்தாள். சீனிச்சாமி பதறிப்போய், மறுபடி வாய் வறளுதா என்று கேட்டான்.

"எங்காத்தா அந்தப் பச்சிலையப் பிச்சுப் பிச்சு எறிஞ்சாய்யா," என்றாள். "மூணு வருஷமா எறிஞ்சா. அந்த வீட்டுல புத்தியோட இருந்தது அவ ஒருத்திதான்."